பரண் காவல் குறும்படம்: யானையைக் காட்டாமல் பயம் வர வேண்டும், சத்தத்தில் எங்கே தவறுகிறேன்?

பரண்மேல் இரவு (தர்மபுரி):

வணக்கம். தர்மபுரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இறுதியாண்டுக்காகப் பன்னிரண்டு நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்திருக்கிறேன். எடிட் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் வகுப்பில் போட்டுக் காட்டியபோது, படத்தின் முக்கியமான இடமே உட்காரவில்லை என்று தெரிந்தது. பதினெட்டு நாளில் ஒப்படைக்க வேண்டும்.

கதை இதுதான். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு ராகிக் கொல்லை, அறுப்புக்கு இன்னும் பத்து நாள். அப்பாவுக்குக் காய்ச்சல். பதினாறு வயதுப் பையன் முதல் தடவையாகத் தனியாகப் பரண், அதாவது கொல்லையில் உயரமாகக் கட்டிய காவல் மேடை, ஏறிக் காவல் இருக்கிறான். நடுராத்திரிக்கு மேல் ஒற்றை யானை கொல்லைக்குள் வருகிறது, மேய்கிறது, போய்விடுகிறது. யானை ஒரு ஷாட்டில்கூடக் கிடையாது. காட்ட எங்களிடம் வழியும் இல்லை, காட்ட எனக்கு விருப்பமும் இல்லை. மாமாவின் கொல்லையில் மூன்று ராத்திரி ஷூட்டிங் செய்தோம்.

யானை வந்து போகும் பகுதி நாலு நிமிடம் பத்து விநாடி. அதில் 71 கட் இருக்கிறது. பையன் முகம், கை, டார்ச், ராகிக் கதிர், இருட்டு, திரும்ப முகம், இப்படி. சத்தத்துக்கு அடியில் ஆழமான ட்ரோன் (ஒரே சுரத்தில் நீளும் அடிநாதம்) ஒன்று முழுக்க ஓடுகிறது, அதன்மேல் இதயத்துடிப்பு, அப்புறம் இணையத்திலிருந்து எடுத்த பிளிறல் மூன்று இடத்தில். பிளிறல் வந்ததும் வகுப்பில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஆசிரியர் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: சத்தம் நிறைய இருக்கிறது, ஆனால் எதையும் கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்கு அதே நினைப்பு. மாமா அந்தப் பரணில் எத்தனையோ வருடம் உட்கார்ந்தவர், அவர் பார்த்தாலும் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் படத்தையே எடுத்தேன்.

கேமரா விநாடிக்கு 25 ஃப்ரேம். சத்தம் ஒரு சின்ன ரெக்கார்டரில், கூடவே போனிலும் எடுத்தோம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில்தான் எல்லா வேலையும். ட்ரோனை இன்னும் ஏற்றுவதா, வேறு மியூசிக் தேடுவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்):

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். மிக்ஸ் எதில் கேட்டுச் செய்தீர்கள்? ஸ்பீக்கரா, ஹெட்போனா? வகுப்பில் எதில் போட்டீர்கள்?

பரண்மேல் இரவு:

ஹாஸ்டல் அறையில் சாதாரண இயர்போன் அண்ணா, தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பில் லேப்டாப் ஸ்பீக்கர்தான்.

மாந்தோப்பு:

அப்படியென்றால் உங்கள் ட்ரோன் வகுப்பில் யாருக்கும் கேட்டிருக்காது. 40, 50 ஹெர்ட்ஸில் இருக்கும் சத்தத்தை லேப்டாப், போன் ஸ்பீக்கர்கள் வெளியே விடவே விடாது, அவை சின்னவை. நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். என் வேலையை முக்கால்வாசிப் பேர் போனில்தான் பார்க்கிறார்கள், அதனால் இதில் பலமுறை அடிபட்டிருக்கிறேன். ட்ரோனை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் கொஞ்சம் சாச்சுரேஷன் (சத்தத்தை லேசாகக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டால் 150 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை மேல்சுரங்கள் கிளம்பும். அடிச்சுரம் ஸ்பீக்கரில் வராவிட்டாலும் காது அதைத் தானே ஊகித்துக்கொள்ளும். அதைச் செய்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். மியூசிக்கை எடுத்துவிடாதீர்கள். மக்கள் மியூசிக் கேட்டுத்தான் பயப்படுவார்கள்.

கடைசி ரீல் (பென்னாகரம், இப்போது சென்னை):

மாந்தோப்பு சொன்ன ஸ்பீக்கர் விஷயம் முழுக்கச் சரி, அதைக் கட்டாயம் செய்து பாருங்கள். மியூசிக் பற்றி எனக்கு வேறு கருத்து. பதினோரு வருடமாக சவுண்ட் எடிட்டிங்தான் என் வேலை, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

தம்பி, படத்தை அணைத்துவிட்டு அந்த நாலு நிமிடத்தின் சத்தத்தை மட்டும் கேளுங்கள். ட்ரோன் முதல் விநாடியிலேயே 'பயப்படு' என்று சொல்லிவிடுகிறது. அதற்கு அப்புறம் அது போவதற்கு இடம் இல்லை. நாலு நிமிடமும் ஒரே சேதியைச் சொன்னால் காது ஒரு கட்டத்தில் அதை ஒதுக்கிவிடும், ஃபேன் சத்தத்தை ஒதுக்குகிற மாதிரி.

இப்போது பையனைப் பற்றி யோசியுங்கள். அமாவாசை இருட்டில் பரண்மேல் உட்கார்ந்திருக்கிறான், டார்ச் அடித்தால் நாற்பது ஐம்பது அடிக்குமேல் ஒன்றும் தெரியாது. அவனுக்குக் கண் என்பதே காதுதான். அவன் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறானோ அதையே பார்ப்பவரும் கேட்க வேண்டும். அவன் காதில் ட்ரோன் இல்லை. சில்வண்டு இருக்கும், பக்கத்துக் குட்டையில் தவளை இருக்கும், கதிர் உரசும், ராத்திரியில் தரையோரக் காற்று மேல்காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால் தூரத்துச் சத்தம் வளைந்து கீழே இறங்கி வரும், அதனால் பகலில் கேட்காத தூரத்து ரயில்கூடக் கேட்கலாம். இவை எல்லாவற்றையும் தனித்தனி டிராக்கில் வையுங்கள். முதல் ஒரு நிமிடம் எதுவுமே நடக்க வேண்டாம். பார்ப்பவர் இந்தச் சத்தத்தில் உட்கார்ந்து பழகட்டும். பழகியபிறகு எடுக்க ஆரம்பியுங்கள்.

காட்டில் ஏதாவது பெரிதாக நடமாடினால் பக்கத்தில் இருக்கிற சில்வண்டு நின்றுவிடும், தூரத்தில் இருப்பது கத்திக்கொண்டே இருக்கும். இதுதான் உங்கள் படத்தின் யானை. முதலில் இடப்பக்கத்துச் சில்வண்டை மட்டும் எட்டுப் பத்து விநாடியில் மெதுவாக இறக்குங்கள், யாருக்கும் தெரியாது. அப்புறம் தவளை, அது பட்டென்று நிற்கட்டும், அங்கேதான் பையன் தலையைத் திருப்புகிறான். வலப்பக்கம் மட்டும் மிச்சம் இருக்கும். சில்வண்டுச் சத்தம் நாலைந்து கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது, நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதி அது. அதனால் அது போனதும் ஒரு பள்ளம் விழுந்த மாதிரி இருக்கும், அந்தப் பள்ளத்தில் கதிர் ஒன்று ஒடிந்தாலும் பெரிய சத்தமாகத் தெரியும். லெவலை ஏற்றவே வேண்டியதில்லை.

அடுத்தது உங்கள் கட். 250 விநாடியில் 71 கட் என்றால் ஒரு ஷாட் மூன்றரை விநாடி. ஒரு சத்தம் மெதுவாக இறங்கி நின்றுவிட்டது என்று பார்ப்பவர் மனதில் பதியக் கொஞ்சம் நேரம் வேண்டும், அதற்குள் நீங்கள் வேறு படத்தைக் கொடுத்துவிட்டால் கண் அதன் பின்னால் ஓடிவிடும். எடிட் லாக் செய்துவிட்டேன், இனி மாற்ற முடியாது என்று நினைக்காதீர்கள், திரும்பத் திறந்துவிடுங்கள். இந்தப் பகுதியைப் படத்தை வைத்து வெட்டாமல் சத்தத்தை வைத்து வெட்டுங்கள். முதலில் நாலு நிமிடச் சத்தத்தை மட்டும் டைம்லைனில் அடுக்கிவிட்டு, அதன்மேல் எந்த ஷாட் தாங்குகிறது என்று பார்த்து வையுங்கள். பையன் முகம் இருபது விநாடி நிற்கும், நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

பிளிறலுக்கு ஏன் சிரித்தார்கள் என்றால், அது பக்கத்தில் மைக் வைத்து எடுத்த சத்தம். படத்தில் இருட்டு இருநூறு மீட்டர் தூரத்துக்கு விரிந்திருக்கிறது, சத்தமோ மடியில் உட்கார்ந்திருக்கிறது. தூரத்துச் சத்தத்தில் மேல் அதிர்வெண் குறைந்திருக்கும். திறந்த கொல்லையில் ஹால் மாதிரி எதிரொலிப்பும் வராது.

ராகிக்காடு (அஞ்செட்டி):

நான் சினிமாக்காரி இல்லை. ஓசூரில் வேலை, வீடு அஞ்செட்டிப் பக்கம். எங்கள் அப்பா ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் பரணில்தான் படுப்பார், சின்ன வயதில் நானும் கூடப் போயிருக்கிறேன். அந்த மாதங்களில்தான் யானைகள் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து இங்கே இறங்கும், அப்போதுதான் ராகியும் முற்றியிருக்கும். தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தம்பி, யானை நடந்து வருகிற சத்தம் கேட்காது. அதன் பாதத்துக்கு அடியில் மெத்தை மாதிரி சதை இருக்கிறது, எத்தனை டன் இருந்தாலும் பூனை மாதிரி வரும். படத்தில் தும் தும் என்று காலடி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஒற்றை யானை பிளிறிக்கொண்டும் வராது, மேய வருகிற யானை எதற்குக் கத்தப்போகிறது? எங்களுக்கு அது வந்துவிட்டது என்று தெரிவது வேறு சத்தத்தில். தும்பிக்கையால் ஒரு பிடி ராகியைச் சுற்றி வேரோடு பிடுங்கும், 'பரக்' என்று கேட்கும். அப்புறம் வேரில் இருக்கிற மண் போகவேண்டும் என்று முன்னங்காலில் தட்டும். தப், தப். இரண்டு தட்டு, சில சமயம் மூன்று. அப்புறம் ஒன்றுமே இருக்காது, மென்று கொண்டிருக்கும். திரும்ப 'பரக்'. திரும்பத் தப், தப். இருட்டில் அந்தத் தட்டல் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்போம். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். முப்பது வருடம் ஆனாலும் மறக்காத சத்தம்.

ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டால் காது அசைக்கிற சத்தம் கேட்கும், ஈரச் சாக்கை உதறுகிற மாதிரி. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு உறுமலும் வரும், காதில் கேட்பதைவிட நெஞ்சில் படும். நாய் தூரத்தில் இருக்கும்வரை குரைக்கும், பக்கத்தில் வந்துவிட்டால் பரணுக்கு அடியில் வந்து முனகிக்கொண்டு படுத்துவிடும்.

இன்னொன்று, சோலார் வேலி போட்ட கொல்லையாக இருந்தால் அந்த மிஷின் ஏறக்குறைய விநாடிக்கு ஒரு முறை 'டிக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்த டிக் கேட்டால்தான் எங்களுக்குத் தூக்கமே வரும். நின்றுவிட்டால் எழுந்துவிடுவோம்.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. யானையைப் பேய் மாதிரி ஆக்கிவிடாதீர்கள். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் திருட்டு மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்துக் கிடந்தன, கூட வந்த இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றன. அது உங்கள் தர்மபுரி மாவட்டத்தில் நடந்தது. எங்களுக்குப் பயமும் உண்டு, அதன்மேல் கோபமும் உண்டு, பாவம் என்கிற எண்ணமும் உண்டு. உங்கள் பையனுக்கு மூன்றும் இருக்க வேண்டும்.

கடைசி ரீல்:

அக்கா, உங்களுக்குப் பெரிய நன்றி. எந்தச் சவுண்ட் லைப்ரரியிலும் இது கிடைக்காது.

தம்பி, டிக் சத்தத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் காட்சியிலேயே அப்பா பரணில் இருக்கும்போது அதைக் கேட்க வையுங்கள், யாரும் கவனிக்க வேண்டாம். பார்ப்பவர் மனதில் அது கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். அது நிற்கிற இடம்தான் உங்கள் படத்தின் நடு.

நெஞ்சில் படுகிற உறுமல் பற்றி ஒரு வார்த்தை. யானைகள் மனிதக் காதுக்கு எட்டாத தாழ்வான ஒலியில் பேசிக்கொள்கின்றன என்பதைக் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் ஒரு விலங்குக் காட்சிசாலையில் யானைகளின் பக்கத்தில் நின்றபோது காற்றே துடிப்பது போல உணர்ந்துதான் பின்தொடர ஆரம்பித்தார். ஆசிய யானையின் அந்த அழைப்புகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை என்று பிறகு அளந்தார்கள். நம் காது 20-க்குக் கீழே கேட்காது, கல்லூரி ஸ்பீக்கரில் 20 வரவே வராது. அதனால் அதை அப்படியே வைக்க முயற்சி செய்யாதீர்கள். உறுமலின் மேல்பகுதியை மட்டும், 80-லிருந்து 200 வரை, ஒரே ஒரு முறை, மிகப் பக்கத்தில் வரும்போது வையுங்கள். ஏற்கனவே நீங்கள் போட்டு வைத்திருக்கிற ட்ரோன் சத்தம் அதற்குப் பயன்படலாம். நாலு நிமிடம் ஓடியதை ஆறு விநாடிக்குச் சுருக்கினால் அது வேலை செய்யும்.

மாந்தோப்பு:

எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. இதெல்லாம் நல்ல தியேட்டரில், அமைதியான கூட்டத்தில் சரி. யூடியூபில் ஏற்றிப் பஸ்ஸில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குச் சில்வண்டு நின்றது எப்படித் தெரியும்? அவனுக்கு வெறும் இருட்டு, வெறும் அமைதி. போன் சார்ஜ் தீர்ந்ததா என்று பார்ப்பான்.

கடைசி ரீல்:

நியாயமான கேள்வி. சில்வண்டின் அதிர்வெண் போன் ஸ்பீக்கரில் நன்றாகவே வரும், போகிறபோது போனது தெரியும். போனில் காணாமல் போவது ட்ரோன்தான், நீங்களே சொன்னீர்கள். அதே மாதிரி 'பரக்', 'தப்' இரண்டும் போனில் வரும். ஒரு எச்சரிக்கை: அமைதி என்பதற்காக டிராக்கை முழுக்க மியூட் செய்துவிடக் கூடாது. அப்படிச் செய்தால் பஸ்ஸில் இருப்பவன் என்ன, தியேட்டரில் இருப்பவனும் கேபிள் கழன்றுவிட்டது என்றுதான் நினைப்பான். எல்லாம் போனபிறகும் அந்த இடத்தின் வெறும் காற்று கீழே ஓட வேண்டும். ஷூட்டிங்கில் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் வெறும் சத்தம் எடுத்திருப்பீர்கள் அல்லவா, ரூம் டோன், அதுதான்.

பரண்மேல் இரவு:

எடுக்கவில்லை அண்ணா. மூன்று ராத்திரியும் கடைசி ஷாட் முடிந்ததும் ஜெனரேட்டர் போட்டுவிட்டார்கள். ரெக்கார்டரில் இருக்கிற எல்லாவற்றிலும் யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்கள் அல்லது நடக்கிறார்கள். போனில் பின்னணிச் சத்தம் மட்டும் ஒரு பத்து நிமிடம் இருக்கிறது, ஆனால் அதில் யாராவது பேசி முடித்ததும் சில்வண்டு தானாகப் பெரிதாகிறது, திரும்பப் பேசினால் குறைகிறது. ஏன் என்று தெரியவில்லை.

கடைசி ரீல்:

போனின் ஆட்டோ கெயின். அமைதியாக இருந்தால் அதுவே ஏற்றிவிடும். அமைதிதான் முக்கியம் என்கிற படத்துக்கு அது விஷம். லெவலைக் கையால் பூட்டி வைக்கிற ரெக்கார்டிங் ஆப் போடுங்கள், இல்லையென்றால் அந்தச் சின்ன ரெக்கார்டரையே எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள். ஆள் வேண்டாம், லைட் வேண்டாம், நீங்களும் இன்னொருவரும் போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மைக்குக்குக் காற்று மறைக்கும் ரோமத் தொப்பி. பரண்மேல் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், குட்டை ஓரத்தில் ஒரு அரை மணி, ரோட்டுப் பக்கம் ஒரு பத்து நிமிடம். நீங்கள் பக்கத்தில் நின்றால் சில்வண்டு கத்தாது, ரெக்கார்டரை வைத்துவிட்டு விலகிப் போய் உட்காருங்கள். மாமாவையோ ஊர்க்காரர்களையோ கேட்டு, யானை நடமாட்டம் இல்லாத ராத்திரியாகப் பார்த்துப் போங்கள். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ராகியைப் பிடுங்கித் தட்டுகிற சத்தத்தை அறுத்த கொல்லையில் மிச்சம் இருக்கிற தாளை வைத்து வேரோடு பிடுங்கி, மண் நிரப்பிய சாக்கில் தட்டினால் எடுத்துவிடலாம். காதுக்கு அக்கா சொன்ன ஈரச் சாக்கு. மூச்சுக்கு நாலு அங்குல பிவிசி குழாயில் மெதுவாக ஊதிப் பாருங்கள்.

முகவீணை (பாலக்கோடு):

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் தெருக்கூத்துக்கு வாசிக்கிறவன் நான். நீங்கள் பேசுகிற விஷயத்தை நாங்கள் ஒவ்வொரு கூத்திலும் செய்கிறோம் என்று சொல்லத் தோன்றியது.

துரியோதனன் வருகிறான் என்றால் உடனே வரமாட்டான். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அவன் திரைக்குப் பின்னால் நின்று பாடுவான். சலங்கை கேட்கும், குரல் கேட்கும், திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், திரை ஆடும். முகம் தெரியாது. முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகள் அந்த நேரத்தில்தான் அம்மா மடியில் ஏறுவார்கள், திரையை எடுத்தபிறகு இறங்கி விளையாடப் போய்விடுவார்கள். நான் பார்த்தவரைக்கும் முகத்துக்குப் பயந்த பிள்ளைகள் குறைவு, சலங்கைக்குப் பயந்தவர்கள் அதிகம்.

உங்களுக்குப் பயன்படுகிற ஒன்று: திரைக்குள் இருப்பவன் ஒரு காலை உதைத்ததும் மத்தளம் பதில் சொல்லும். மூன்று தடவை சொல்லும். நாலாவது தடவை அவன் உதைப்பான், மத்தளக்காரர் வாசிக்க மாட்டார். அந்த ஒரு அடி காலியாக விழும்போது தூங்கிக்கொண்டிருக்கிறவரும் நிமிர்வார். பதில் வரும் என்று மூன்று முறை பழக்கினால்தான் நாலாவது முறை வராதது வேலை செய்யும். தம்பி, யானைச் சத்தத்தையும் அப்படிப் பழக்குங்கள். பரக், தப், தப். பரக், தப், தப். அடுத்த முறை 'பரக்' மட்டும் வரட்டும்.

பரண்மேல் இரவு:

அண்ணா, இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. தட்டு வராவிட்டால் அது தலையைத் தூக்கிப் பரணைப் பார்க்கிறது என்று அர்த்தம். நான் அதைக் காட்டவே வேண்டியதில்லை.

மாந்தோப்பு:

சரி, மியூசிக் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கிறேன். இந்த இடத்துக்கு மியூசிக் வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம், எல்லாரும் மறந்துவிட்டோம். பக்கத்துக் கொல்லைக்காரர் வெடி போடுகிற ஷாட் இருக்கிறதா? எங்கள் பக்கம் மாம்பழக் காவலில்கூடப் போடுவார்கள். வெளிச்சமும் சத்தமும் ஒரே ஃப்ரேமில் வைத்திருந்தால் மாற்றுங்கள். சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். முந்நூறு மீட்டர் தள்ளி வெடித்தால் கிட்டத்தட்ட 0.9 விநாடி தாமதம், உங்கள் 25 ஃப்ரேமில் 22 ஃப்ரேம்.

பரண்மேல் இரவு (ஒன்பது நாள் கழித்து):

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு ராத்திரி மாமாவோடு போய் மூன்றரை மணி நேரச் சத்தம் எடுத்து வந்தேன். ஹாஸ்டலில் ஃபேனை அணைத்துவிட்டு, நண்பரிடம் வாங்கிய மூடிய ஹெட்போனில் கேட்டபோதுதான், நான் ஏன் எல்லாவற்றையும் ஏற்றி ஏற்றி வைத்திருந்தேன் என்று புரிந்தது. ஃபேன் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று என்னை அறியாமல் லெவலை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். மெல்லிய சத்தம் எதுவுமே அந்த அறையில் எனக்குக் கேட்டிருக்கவில்லை.

இந்தத் தடவை சத்தத்தை முதலில் அடுக்கினேன். 71 கட் இப்போது 26. பையன் முகத்தில் ஒரு ஷாட் 34 விநாடி நிற்கிறது. அவன் நடிக்கவில்லை, அன்றைக்கு டேக் முடிந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தான், நான் குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்த ஷாட் அது. வெடியை 22 ஃப்ரேம் தள்ளி வைத்ததும் அந்த இடைவெளியில் அவன் கண் சிமிட்டுவது தெரிகிறது, முன்னால் அது தெரியவே இல்லை.

எதிர்க் குன்றின் எதிரொலியும் கிடைத்தது. மாமா பரணிலிருந்து 'ஏய்ய்' என்று கத்தினால் பாறையில் பட்டு ஏறக்குறைய ஒரு விநாடி கழித்துத் திரும்பி வருகிறது, குன்று 170 மீட்டர் இருக்கும்போல. பையன் கத்தி, எதிரொலி வந்து, அதற்கு அப்புறம் ஒன்றும் வராமல் இருப்பதை அப்படியே வைத்திருக்கிறேன்.

தப்பு ஒன்றும் நடந்தது. நேற்று கருத்தரங்கு அறையில் சோதனைக்குப் போட்டேன், ஃபேன் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். டிக் நின்ற இடத்தில் பக்கத்தில் இருந்த பெண் தன் செருப்புக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார், அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் தவளைச் சத்தத்தை நாற்பது விநாடிக்கு ஒருமுறை லூப் செய்திருந்தேன், கடைசி வரிசையிலிருந்து ஒருவர் அதே தவளை அதே இடத்தில் இருமுவதைக் கண்டுபிடித்துவிட்டார். இன்றைக்கு நீளமான துண்டாக மாற்றிவிட்டேன்.

கடைசி ரீல்:

34 விநாடியை யார் சொன்னாலும் குறைக்காதீர்கள்.

ராகிக்காடு:

தம்பி அனுப்பிய சுட்டியில் நேற்று வீட்டில் எல்லாரும் பார்த்தோம். முதல் 'பரக்' வந்ததும் அம்மா எழுந்து போய்ப் பின்கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்பா ஒன்று சொல்லச் சொன்னார். பையன் சீக்கிரம் கத்திவிடுகிறானாம். தட்டுச் சத்தம் வராமல் போனால் யானை உன்னைப் பார்த்துவிட்டது, அப்போது கத்தக் கூடாது, மூச்சைக்கூட விடக் கூடாது, அது திரும்ப மேய ஆரம்பித்தபிறகுதான் கத்த வேண்டும் என்கிறார். கத்தினால் திரும்பிப் போகிற தைரியம் அதற்கு வரவேண்டுமாம், உன்மேல் வருகிற கோபம் வரக் கூடாதாம்.

பரண்மேல் இரவு:

அக்கா, அப்பாவுக்கு என் வணக்கம். மாற்றிவிட்டேன். மூன்றாவது 'பரக்' முடிந்து பதினொரு விநாடி ஒன்றுமே இல்லை, காற்று மட்டும். அப்புறம் தப், தப். அது முடிந்து இரண்டு விநாடி கழித்துத்தான் கத்துகிறான். புதிய சுட்டியை இன்று ராத்திரி அனுப்புகிறேன், இந்த முறை அப்பாவை மட்டும் ஹெட்போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

ராகிக்காடு:

அனுப்பு தம்பி. ராகி அறுத்தாகிவிட்டது, இப்போது ராத்திரியில் வீட்டில்தான் படுக்கிறார். கேட்கச் சொல்கிறேன்.